நாலாவது புள்ளடி

“அழுத்தாத. கவ்வாத்துக் கத்தியா அது? பென்சிலு.”

ரெங்கம்மா செவத்தாயியின் விரல்களைப் பிரித்து மறுபடியும் மடக்கினாள். செவத்தாயி மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கோடு இழுத்தாள். குறுக்கே இன்னொன்று. இரண்டாவது கோடு கட்டத்தைத் தாண்டி அடுத்த எண்ணுக்குள் போய் நின்றது.

“போச்சு. தம்பிக்குப் போட வேண்டியத பன்னண்டுக்குப் போட்டுட்ட.”

“பன்னண்டு யாரு அக்கா?”

“யாரோ வெலிமடக்காரராம்.”

“போகட்டும். அவருக்கும் ஒரு ஆத்தா இருப்பாள்ல.”

பிள்ளைக் காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். மலையிலிருந்து இறங்கி, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போக வந்தவர்கள். பிள்ளைகள் மடியில் இருந்தார்கள். ரெங்கம்மா விடவில்லை. மாதிரிச் சீட்டில் செவத்தாயி போட்ட புள்ளடியை ரப்பரால் அழித்து மறுபடியும் நீட்டினாள்.

“மேல கட்சிக்கு ஒண்ணு. கீழ நம்பருக்கு மூணு. முதல்ல எது?”

“ரெட்டைக் குச்சி.”

“ரெட்டைக் குச்சின்னா?”

“பதினொண்ணு. நம்ம சதீசு.”

“அப்புறம்?”

“நாலு. பதினேழு. ரெண்டு மாத்தியாமாரு.”

“அவ்வளவுதான். அதுக்கு மேல கூடாது.”

2004ஆம் ஆண்டு ஜூன் மாதம். ஊவா மாகாண சபைக்கு அடுத்த மாதம் தேர்தல். ரெட்டைக் குச்சி என்று பெண்கள் சொன்ன பதினோராம் எண் ரெங்கம்மாவின் மகன் சதீஸ்குமாருடையது. ஆனைத்தண்ணித் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலிருந்து ஒருவர் தேர்தலில் நிற்பது அதுவே முதல் தடவை.

தோட்டம் லுணுகலைக்கு மேலே, பசறைத் தொகுதியில் இருந்தது. தொகுதி என்ற சொல்லை ரெங்கம்மா சிறு வயதிலேயே கேட்டிருந்தாள். அவளுடைய அப்பாவின் அப்பா 1947இல் வாக்களித்தவர். அப்போது சின்னம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், ஒரு பெட்டி. பதுளையிலிருந்து தோட்டத்து ஆட்களின் ஆள் ஒருவர் அந்தத் தடவை பாராளுமன்றம் போனார். அதற்குப் பிறகு அவர்களுடைய குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. அடுத்த தேர்தலில் தாத்தாவின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. அப்பாவின் பெயர் எந்த இடாப்பிலும் ஏறியதில்லை. தொகுதிகளுக்கு எல்லை போட்டபோது தோட்டத்து லய வீடுகளில் இருந்த ஆட்களின் தலையையும் எண்ணினார்கள். வாக்காளர் பெயரை எழுதும்போது எண்ணவில்லை.

நாற்பது ஆண்டுகள் இப்படிப் போயின. தேர்தல் காலத்தில் கீழே பசறை ரோட்டில் ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் போகும். கொழுந்து எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். வண்டியில் நிற்பவர் கடைத்தெருவில் கும்பிட்டுக்கொண்டு வருவார். மலை ஓரம் வந்ததும் கையை இறக்கிவிடுவார்.

குடியுரிமை 1988இல் வந்தது. அடுத்த ஆண்டு பாராளுமன்றத் தேர்தல். ஓட்டுப் போடக்கூடாது, முதலில் போடுகிறவருக்குச் சாவு என்று சுவர்களில் எழுதியிருந்த காலம். எழுதிய கிளர்ச்சிக்காரர்கள் சொன்னதைச் செய்கிறவர்கள். வாக்குச் சாவடியான பள்ளிக்கூடத்துக்கு வெளியே கீழ்ப்பிரிவு ஆட்கள் காலையிலிருந்து நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை. முதல் ஆளாகப் போவது யார் என்பதுதான் பேச்சு. ஆண்கள் பீடி பிடித்தார்கள். கடைசியில் ரெங்கம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். வெளியே வந்து, “ஒண்ணும் இல்ல, வாங்க” என்றாள். அன்றிலிருந்து தேர்தல் என்றால் அவளிடம்தான் கேட்டார்கள். தோட்டத் தொழிலாளர் சங்கம் அவளை மாதர் தலைவியாக்கியது.

அவளுடைய புருஷன் 1991இல் நிழல் மரம் வெட்டும்போது கிளையோடு விழுந்து செத்துப்போனார். ஒரே மகன். அவனைப் படிக்க வைத்தாள்.

அதன் பிறகு தேர்தல்கள் அடுக்கடுக்காக வந்தன. பாராளுமன்றம், ஜனாதிபதி, மாகாண சபை. சங்கம் ஒரு தடவை ஒரு பெரிய கட்சியோடு இருந்தது, அடுத்த தடவை மற்றதோடு. ஒவ்வொரு தடவையும் பதுளை ஆபீசிலிருந்து சின்னமும் மூன்று எண்களும் வரும். ரெங்கம்மா அவற்றைப் பிள்ளைக் காம்பரா வாசலில் வைத்துப் பாடம் எடுப்பாள். வென்ற எண்கள் ஒன்றும் மலைக்குத் திரும்பி வந்ததில்லை. அவளுக்கு அது தெரியும். பெண்களுக்கும் தெரியும். ஆனாலும் வாக்கு தங்கள் கையில் இருந்தது, போட்டார்கள்.

சதீஸ்குமார் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணினான். கீழ்ப்பிரிவில் அதுவும் முதல் தடவை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்து ஐந்து ஆண்டுகளாகக் கணக்குப் படிப்பித்தான். நிரந்தர நியமனம் மாகாண சபையின் கையில் இருந்தது. நேர்முகப் பரீட்சைக்குப் போவான். வேறு யாராவது நியமனத்தோடு வருவார்கள். சங்கம் கட்சியின் வேட்பாளர் பட்டியலுக்கு ஒரு படித்த பையனைத் தேடியபோது அவன் சரி என்றான்.

பள்ளிக்கூட அதிபர் இரகுநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், எதையும் மறைத்துப் பேசமாட்டார்.

“தம்பி, தேர்தலிலை நிண்டால் இஞ்சை படிப்பிக்கேலாது. தோத்துப்போய் வந்தால் இந்த இடம் இருக்குமெண்டு நான் சொல்லமாட்டன்.”

சதீஸ்குமார் அதை அம்மாவிடம் அப்படியே சொன்னான். சொல்லிவிட்டு, “தோத்தா நான் இங்க இருக்க மாட்டேம்மா. கொழும்புக்குப் போயிருவேன். புறக்கோட்டையில ஏதாவது கடையில நிப்பேன்” என்றான்.

“தோக்க மாட்ட.”

“எப்படித் தெரியும்?”

“நான்ல சொல்லிக் கொடுக்குறேன்” என்றாள் ரெங்கம்மா.

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. கீழ்ப்பிரிவு, மேல்பிரிவு, பக்கத்துத் தோட்டம் மூன்றிலும் அவள் சொன்னால் பெண்கள் போடுவார்கள். பெண்கள் போட்டால் ஆண்களும் போடுவார்கள். அதுமட்டும் போதாது என்பதால் சங்கம் ஒரு ஏற்பாடு செய்திருந்தது. அதே பட்டியலில் நின்ற இரண்டு சிங்கள வேட்பாளர்களுக்கு, பசறை மாத்தியாவுக்கும் பண்டாரவளை மாத்தியாவுக்கும், தோட்டத்து ஆட்கள் தலைக்கு ஒரு புள்ளடி தர வேண்டும். பதிலுக்கு அவர்களுடைய கிராமத்து ஆட்கள் பதினொன்றுக்கு ஒரு புள்ளடி தருவார்கள். பதுளை ஆபீசில் கை கொடுத்து, தேத்தண்ணி குடித்து முடித்த பேச்சு. கட்சிக்குக் கிடைக்கும் இடங்களுக்குப் பட்டியலில் யார் போவது என்பதை விருப்பு வாக்குதான் தீர்மானிக்கும்; ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று விருப்பு வாக்கு. மூன்றும் முடிந்துவிட்டன.

தேர்தலுக்கு முந்தைய வாரம் மொஹிதீன் முதலாளி மலைக்கு ஏறி வந்தார்.

த்ரீவீலர் பாதி வழியோடு நின்றுவிட்டது. மீதியை நடந்து வந்திருந்தார். வயது எழுபதுக்கு மேல். பிள்ளைக் காம்பரா வாங்கில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அங்கே ஆயாவாக இருந்த விஜயலெட்சுமி ஓடிப்போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். யாரும் உட்காரவில்லை.

லுணுகலைக் கடைத்தெருவில் அவருக்குப் பலசரக்குக் கடை. 1983 ஜூலையில் தமிழர்களின் கடைகள் எரிந்த நாளில் ரெங்கம்மா ஐந்து வயது மகனோடு கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தாள். தோட்டத்து ஆட்கள் இன்னும் சிலரும் அங்கே இருந்தார்கள். மொஹிதீன் அவர்களைக் கடைக்குள் இழுத்துப் பின்னால் இருந்த செத்தல் மிளகாய் அறையில் பூட்டினார். கத்தியோடு வந்தவர்கள் கேட்டபோது, உள்ளே ஒருவரும் இல்லை என்று சத்தியம் பண்ணினார். தொழுகையை ஒரு வேளைகூடத் தவறவிடாதவர். அந்தப் பொய்ச் சத்தியத்தை மிளகாய் நெடியில் வாயைப் பொத்திக்கொண்டு எல்லோரும் கேட்டார்கள். ரெங்கம்மா மகனின் வாயைப் பொத்தியிருந்தாள்.

அதைப் பற்றி அவர் பிறகு பேசியதே இல்லை. அன்றும் பேசவில்லை.

“ரெங்கம்மா, இத்தின காலத்துல நான் ஒங்கள்ட்ட ஒன்டும் கேட்டில்ல.”

“இல்லீங்க மொதலாளி.”

“ஒன்ட மகனோட என்ட மகன் நஸீரும் நிக்கிறான். ஒரே லிஸ்ட்டு. ஒம்பதாம் நம்பர். டவுன்ல எங்கட ஆக்கள் கொஞ்சம்தான். மலையாக்கள் ஒரு புள்ளடி தந்தா அவனும் வந்திருவான்.” டம்ளரைக் கீழே வைத்தார். “ஒன்ட மகனுக்குப் போட வாணான்டு நான் செல்லல்ல. அவனுக்குப் போடுங்க. மிச்சம் ஈக்கிற ரெண்டுல ஒன்டத் தாங்க.”

மிச்சம் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

ரெங்கம்மா பெண்களைப் பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

“தர்றோம் மொதலாளி.”

“அல்லா ஒங்களுக்கு நல்லது செய்வான்.” அவர் எழுந்தார். “மகன் எங்க?”

“பசறைப் பக்கம் வேனோட சுத்துறான் மொதலாளி. எலெக்சன் முடிஞ்சுதான் வருவான்.”

“வந்தா கடைக்கு வரச் செல்லு. பார்த்து நாளாச்சு.”

அவர் இறங்கிப் போனார். விஜயலெட்சுமிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“ஏங்க்கா, மூணுதானே இருக்கு. எங்கருந்து எடுத்துக் குடுப்ப?”

மறுநாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நிற்கும்போது அதைத்தான் பேசினார்கள். ஒரு மாத்தியாவை விட்டுவிடலாம் என்று செவத்தாயி சொன்னாள்.

“எந்த மாத்தியாவ?” என்றாள் ரெங்கம்மா.

“ரெண்டுல ஒண்ணு. ரெண்டும் மலைப் பக்கம் வரப்போறதில்ல.”

“அவங்க ஆளுங்க தம்பிக்குப் போடுறேன்னு சொல்லியிருக்காங்க. நாம ஒருத்தர விட்டுட்டோம்னு தெரிஞ்சா அவங்களும் விட்டுருவாங்க. பெட்டியத் தொறந்தா தெரியாதா?”

“அப்ப பாதிப் பேரு மாத்தியாவுக்குப் போடுங்க, பாதிப் பேரு நஸீரு தம்பிக்குப் போடுங்க” என்றாள் ஒரு பிள்ளையைத் தாயிடம் கொடுக்க வந்திருந்த விஜயலெட்சுமி. பிள்ளைகளுக்குப் பால் மாவு பிரித்துக் கொடுத்துப் பழகியவள். “யாருக்கும் மோசமில்ல.”

வரிசையில் ஒருத்தி, “யாரு பாதி?” என்றாள்.

மொஹிதீன் முதலாளிக்குப் போடாத பாதியில் இருக்க யாரும் சம்மதிக்கவில்லை. மிளகாய் அறையில் இருந்தவர்கள் வரிசையிலேயே மூன்று பேர் நின்றார்கள். இல்லாதவர்களின் அக்காவோ மாமியாரோ இருந்திருக்கிறார்கள்.

“அவருக்கு நாலாவதா ஒண்ணு போட்டுருவோம்” என்றாள் ரெங்கம்மா.

“நாலு கூடாதுன்னு நீதானேக்கா சொல்லிக் குடுத்த?”

“கூடாதுன்னுதான் ஆபீசுல சொன்னாங்க. போட்டா என்ன செய்வாங்க? மூணு எண்ணிட்டு நாலாவத விட்டுருவாங்க.”

“செல்லாதுன்னு சொல்லிட்டா?” என்றாள் விஜயலெட்சுமி.

அந்த நேரம் தராசில் ஒருத்தியின் கூடை ஏறியது. கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டு, ஈரம், முத்தல் இலை என்று சொல்லி இரண்டு கிலோ கழித்து எழுதினார்.

“பாரு” என்றாள் ரெங்கம்மா. “கூடாத இலையக் கொண்டாந்தா கழிக்கிறாங்க. அதுக்காகக் கூடையோட கொட்டிருவாங்களா? நல்ல கொழுந்துக்குப் பேரு விழுந்து சம்பளம் வருதுல்ல? ஓட்டும் அப்படித்தான். அதிகமாப் போட்டத கழிப்பாங்க. நாம சொன்ன சொல்லக் காப்பாத்துனதா இருக்கும். தம்பிக்கும் நட்டமில்ல.”

பெண்கள் தலையாட்டினார்கள். வாழ்நாள் முழுக்க அவர்களிடம் கழித்திருக்கிறார்கள். கிலோவைக் கழித்தார்கள். பிந்தி வந்தால் அரைப் பேர் போட்டு அரை நாள் சம்பளம் தந்தார்கள். முழுதாக இல்லை என்று சொன்னவர்கள் கிடையாது. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள்.

“நாலாவத லேசாப் போடுங்க” என்றாள் ரெங்கம்மா. “பார்த்ததும் இது கடைசின்னு தெரியணும்.”

சொல் மேல்பிரிவுக்குப் போனது. பக்கத்துத் தோட்டத்துக்கும் போனது. சதீஸ்குமாருக்கு மட்டும் போகவில்லை. அவன் ஹாலிஎலையில் ஒரு மேடையில் நின்று மழையில் பேசிக்கொண்டிருந்தான்.

தேர்தல் சனிக்கிழமை நடந்தது. காலையிலேயே தூறல். கீழ்ப்பிரிவு ஆட்கள் நல்ல துணி உடுத்திக்கொண்டு, தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். இந்தத் தடவையும் ரெங்கம்மா முன்னால் போனாள். விரலில் மை வைத்தார்கள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றாள். கட்சிக்குப் போட்டாள். பதினொன்றுக்குப் போட்டாள். மகனுடைய எண்ணை அச்சில் பார்ப்பதற்காக ஒரு நிமிடம் நின்றாள். நான்குக்கும் பதினேழுக்கும் போட்டாள். கடைசியில் ஒன்பதுக்கு, பென்சில் நுனி படுகிற மாதிரி, லேசாகப் போட்டாள். மடித்துப் பெட்டிக்குள் தள்ளினாள்.

செவத்தாயி வெளியே வந்து, “ஒரு கோடும் வெளிய போகலக்கா” என்றாள். பெருமையாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வானொலியில் கட்சிகளின் முடிவுகள் வந்தன. அவர்களுடைய பட்டியலுக்கு நினைத்ததைவிடக் கூடுதலாக இடம் கிடைத்திருந்தது. மேல்பிரிவில் யாரோ வெடி கொளுத்தினார்கள். விருப்பு வாக்கு எண்ணி முடியவில்லை என்றார்கள். ரெங்கம்மா பச்சரிசி ஊறவைத்தாள். விஜயலெட்சுமி தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை, தோட்டத்தில் வேலை இல்லாத நாள், வெயில் ஏறிய பிறகு சதீஸ்குமார் வந்தான். வேனில் வரவில்லை, நடந்து வந்தான். அவன் வருவதைப் பார்த்து வாசலுக்கு வந்த பெண்கள், முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

லயத்து வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினான். ரெங்கம்மா தண்ணீர் கொடுத்தாள். குடித்தான்.

“எத்தனையில போச்சு?”

“கடைசியா செயிச்சவருக்கும் எனக்கும் எழுநூறு வித்தியாசம்.”

“நஸீரு தம்பி?”

“அவரும் இல்ல. எனக்கும் கீழ.”

“மாத்தியாமாரு?”

“ரெண்டு பேரும் வந்துட்டாங்க. அவங்களுக்கு நம்ம ஓட்டே தேவையில்லம்மா. நல்லா மேல இருக்காங்க.”

ரெங்கம்மா அவனுக்கு எதிரே, வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“அவங்க ஆளுங்க ஒனக்குப் போட்டாங்களா?”

“கொஞ்சம் போட்டிருக்காங்க. பொய் சொல்லக்கூடாது.” அவன் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தான். “நம்ம பெட்டி எண்ணுற மேசையில நான் நின்னேன். கட்சி ஓட்டு எல்லாம் நல்லா விழுந்திருக்கு. அப்புறம் விருப்பு வாக்கு எண்ணுனாங்க. முதல் சீட்டை எடுத்துப் பார்த்துட்டுத் தனியா வச்சாங்க. ரெண்டாவதையும் தனியா வச்சாங்க. நான் என்னமோ ஏதோன்னு எட்டிப் பார்த்தா நாலு புள்ளடி. அடுத்ததுலயும் நாலு. மேல்பிரிவுலயும் நாலு. ஒரு கட்டு முழுக்க அப்படியே போகுது.”

“நாலாவத விட்டுட்டு எண்ணலியா?”

“எண்ண மாட்டாங்கம்மா. மூணுக்கு மேல இருந்தா விருப்பு வாக்கு ஒண்ணுமே சேராது. கட்சிக்கு மட்டும் சேரும்.” அவன் நிமிர்ந்தான். “இது யாரோ திட்டம் போட்டுச் செஞ்சது. மத்தச் சங்கத்து ஆளுங்க இங்க வந்தாங்களா?”

“வரல.”

“பின்ன எப்படி எல்லாரும் ஒரே மாதிரி நாலு போடுவாங்க? யாராச்சும் சொல்லிக் குடுத்திருக்கணும்ல.”

“நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

அவன் புரியாமல் பார்த்தான். அவள் சொன்னாள். மொஹிதீன் வந்ததை, தேத்தண்ணி குடித்ததை, தர்றோம் என்றதை, கொழுந்து மடுவத்தில் பேசியதை எல்லாம் வரிசையாகச் சொன்னாள். குரலை உயர்த்தவும் இல்லை, அழவும் இல்லை.

“முதல் மூணையும் எண்ணிட்டு, நாலாவதக் கழிப்பாங்கன்னு நெனச்சேன்” என்று முடித்தாள்.

“எது நாலாவதுன்னு அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

ரெங்கம்மா யோசித்தாள்.

“லேசாப் போட்டிருந்தோமே.”

“கோடு கோடுதாம்மா. லேசு என்ன, அழுத்தம் என்ன. நீ எத முதல்ல போட்ட, எத கடைசில போட்டன்னு அவங்க என்ன பக்கத்துல நின்னு பார்த்தாங்களா?”

அவள் போடும்போது யாரும் பார்க்கவில்லை. தடுப்பு இருந்தது.

“ஒன் சீட்டுலயும் நாலா?”

“ஆமா.”

சதீஸ்குமார் சிரித்தான். உடனே நிறுத்திக்கொண்டான். சப்பாத்தை எடுத்துச் சுவரோரம் சரியாக வைத்தான்.

“இடமில்ல, மூணும் முடிஞ்சிருச்சுன்னு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா. புரிஞ்சிக்கிட்டுப் போயிருப்பாரு.”

“அவருகிட்ட எப்படிப்பா இல்லைன்னு சொல்றது?”

அவனுக்கு அந்த அறை நினைவிருந்தது. நெடி நினைவிருந்தது. அம்மாவின் உள்ளங்கை நினைவிருந்தது.

“சொல்ல முடியாதுதான்” என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து விஜயலெட்சுமி வந்து இஸ்தோப்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் பக்கத்துக் காம்பராவிலிருந்து கேட்டிருந்தாள்.

“தம்பி, நான் ஒங்களுக்கு மட்டும்தான் போட்டேன். மத்த ஒருத்தருக்கும் போடல.” ரெங்கம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். “எனக்கு அப்பவே பயமா இருந்துச்சு.”

“சந்தோசங்க்கா” என்றான் சதீஸ்குமார்.

“பயமா இருந்தா வாயத் தொறந்து சொல்றதுக்கென்னடி?” என்றாள் ரெங்கம்மா.

“சொன்னேன்லக்கா. செல்லாதுன்னு சொல்லிட்டா என்ன செய்றதுன்னு கேட்டேன். நீதான் கூடையக் காட்டுன.”

ரெங்கம்மா எழுந்து உள்ளே போய் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அவன் சாப்பிட்டான். முழுதும் சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தவன், பகல் முழுதும் தூங்கினான். பீலிக்கரையில் பெண்கள் குரலைத் தணித்துப் பேசிக்கொண்டார்கள். செவத்தாயி தண்ணீர் எடுக்க வரவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மழை இல்லை. ரெங்கம்மா காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போனாள். கங்காணி அவளை ஆற்றோரத்து மலைக்கு அனுப்பினார். அங்கே போன மாதம் உரம் போட்டிருந்தார்கள், கொழுந்து நன்றாக வந்திருந்தது. பெண்கள் நிரையில் நின்று எடுத்தார்கள். சதீஸ்குமார் பள்ளிக்கூடத்துக்குப் போய் இரகுநாதனைப் பார்த்தான். அவனுடைய வகுப்புக்கு ஹம்ஸியா என்று பசறையிலிருந்து ஒரு ஆசிரியை வந்துவிட்டதாக அவர் சொன்னார். கை கொடுத்து அனுப்பினார். அவன் வீட்டுக்கு வந்து பையில் துணி அடுக்கினான். லுணுகலையில் மொஹிதீனின் கடை திறந்திருந்தது. அவன் அங்கே போகவில்லை. மதியத்துக்குப் பிந்தைய பஸ்ஸில் பதுளைக்குப் போனான். அங்கிருந்து கொழும்புக்கு ரயில். ரெங்கம்மா வேலை முடிந்து வந்தபோது கதவு பூட்டியிருந்தது. சாவி விஜயலெட்சுமியிடம் இருந்தது. வாங்கித் திறந்தாள். அடுப்பைப் பற்றவைத்து ரொட்டி சுட்டாள். கொடியில் துணி காய்ந்திருந்தது. எடுத்து மடித்து வைத்தாள்.